முதல் காராக ஸ்போர்ட்ஸ் கார்: திருகோணமலைத் தம்பி ஒருவருக்குப் பதில்

உங்களுக்கு வயது 19. உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்து நான்கு மாதம். ரொறன்ரோவில் இருக்கும் மாமா, கார் வாங்கப் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் மனம் பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றில் நிற்கிறது. அது சரிவராவிட்டால் ஹொண்டா சிஆர்-இசட். அப்பா, "ஓர் ஆல்ட்டோ போதும்" என்கிறார். ஒரு கிழமையாக வீட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, ஆர்எக்ஸ்-8 வேண்டாம். பழைய ஆல்ட்டோவும் வேண்டாம். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்ட புத்திமதி எவருக்கும் ஒட்டாது. முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் கராஜ் நடத்துகிறேன். இந்த விடயத்தில் ஒரு முறை தவறிவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டு, மழைக்காலம் தொடங்கும் நேரம். அப்போது இருபது வயதான பிள்ளை ஒருவர், பின்சில்லால் இழுக்கும் இரண்டு கதவுக் கார் ஒன்றை வாங்குவதற்கு முன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பார்த்தேன். என்ஜின் சுத்தம். கியர்பெட்டி சரி. அடிச்சட்டத்தில் துரு இல்லை. "நல்ல வாகனம், வாங்கலாம்" என்றேன். அதற்கான கூலியையும் வாங்கிக்கொண்டேன். ஐந்து கிழமை கழித்து, நிலாவெளி வீதியில், மழை விட்டுச் சிறிது நேரத்தில், வளைவு முடிவதற்குள் பெற்றோல் மிதியை மிதித்திருக்கிறார். பின்பக்கம் சுழன்று கார் பக்கவாட்டில் போய்ப் பனையில் அடித்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பக்கத்தில் இருந்த நண்பருக்கு விலா எலும்புகள். இருவரும் உயிர் தப்பினார்கள் என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கசங்கிய கார் என் முற்றத்துக்குத்தான் வந்தது. அன்றைக்குத்தான் குனிந்து டயரைப் பார்த்தேன். பின் டயர்கள் இரண்டும் பதினொரு ஆண்டு பழையவை. டயரின் பள்ளக் கோடுகள் ஆழமாகவே இருந்தன, பார்வைக்குப் புதிது போல. ஆனால் நகத்தால் அழுத்தினால் உள்ளே போகவில்லை, ரப்பர் கல்லாகிவிட்டது. நான் என்ஜினைப் பார்த்தேன், டயரின் திகதியைப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை, ஓட்டப்போகிறவர் எத்தனை மாதமாக ஓட்டுகிறார், மழையில் ஓட்டியிருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் கார் காட்ட வந்தாலும் முதலில் அந்தக் கேள்விகளைக் கேட்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்: அனுமதிப்பத்திரம் எடுத்த இந்த நான்கு மாதத்தில், இருட்டில் கந்தளாய் தாண்டி ஹபரணை வரை எத்தனை தடவை ஓட்டியிருக்கிறீர்கள்? அடைமழையில் எத்தனை தடவை?

ஒரு தடவையும் இல்லையென்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இங்கே எவரும் அதைப் பழக்குவதில்லை. பயிற்சிப் பாடசாலையில் பகல் நேரத்தில், தெரிந்த வீதியில், பக்கத்தில் ஆசிரியர் தன் காலடியில் இன்னொரு பிரேக்கோடு இருக்கப் பழகுகிறோம். பரீட்சையும் அப்படியே. 18 வயது நிரம்பி அனுமதிப்பத்திரம் கையில் வந்துவிட்டால், எந்தக் காரையும் எந்த நேரத்திலும் எத்தனை நண்பர்களோடும் ஓட்டலாம். உங்கள் மாமா இருக்கும் ஒன்ராறியோவில் அப்படியல்ல. அவரிடமே கேட்டுப் பாருங்கள். அங்கே 1994 முதல் படிப்படியான உரிம முறை இருக்கிறது. முதற்கட்டத்தில் பக்கத்தில் அனுபவமுள்ள சாரதி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இரண்டாம் கட்டத்தில் தனியாக ஓட்டலாம். ஆனால் 19 வயது வரை, முதல் ஆறு மாதத்துக்கு, நள்ளிரவு தொடங்கி அதிகாலை ஐந்து மணி வரை தன் வயதையொத்த ஒருவரைத்தான் ஏற்றலாம். இளம் சாரதியின் காரில் இளம் நண்பர்கள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்று பல நாடுகளில் அறிந்திருக்கிறார்கள். அங்கே பிறந்திருந்தால் அரசாங்கம் உங்களுக்குப் போட்டிருக்கும் வேலியை, இங்கே நீங்களும் அப்பாவும் சேர்ந்துதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, வேகக் காரில் அப்படி என்ன தனி ஆபத்து என்பதற்கு வருகிறேன். "வேகமாக ஓட்டாமல் விட்டால் சரிதானே" என்று உங்கள் மனம் சொல்லும் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வயதில் அப்படித்தான் சொன்னேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீதியில் ஒன்று குறுக்கிடுகிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். காய்ந்த தார் வீதியில், சாதாரணக் காரில், 50 கிலோமீற்றர் வேகத்தில் போனால் முழுதாக நிற்க ஏறக்குறைய 35 மீற்றர் தேவை. 70இல் 56 மீற்றர். 100இல் 97 மீற்றர். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம்; 2009இல் திறந்தபோது நாட்டின் மிக நீளமான பாலம் என்று நாமெல்லாம் பெருமையோடு நடந்து பார்த்தோமே, அதன் கால் பங்கு தூரம் ஓடித்தான் 100இல் வரும் கார் நிற்கும். மழை நாளில் இன்னும் முப்பது மீற்றரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரே இடத்தில் ஒரே மாட்டைக் கண்டு இருவர் பிரேக் பிடிக்கிறார்கள். 50இல் வந்தவர் மாட்டுக்கு முன்னால் மட்டுமட்டாக நின்றுவிட்டார். 70இல் வந்தவர் அதே இடத்தை அடையும்போது அவருடைய வேகம் இன்னும் 60க்கு மேல் இருக்கும். இருபது கிலோமீற்றர்தானே கூட என்று நினைக்கிறோம். ஆனால் 70இல் வருபவருக்கு அந்த 35 மீற்றரில் 29 மீற்றர், உணர்ந்து கொள்ளும் ஒன்றரை விநாடியிலேயே செலவாகிவிடுகிறது.

"ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் நல்லது அல்லவா?" நல்லதுதான். ஒப்புக்கொள்கிறேன். 100இலிருந்து பிரேக் பிடித்து நிற்கும் 55 மீற்றரை அது 40 ஆகக் குறைக்கும். அதற்கு முன்னால் ஓடும் 42 மீற்றரை எந்தக் காரும் குறைக்காது. அது உங்கள் கண்ணிலும் அனுபவத்திலும் இருக்கிறது. பழகிய சாரதி ஒருவர், வீதியோரத்தில் ஒரு கன்று தனியாக நிற்பதைக் கண்டதும் தாய்ப்பசு மறுபக்கத்தில் இருக்கும் என்று உணர்ந்து காலைப் பெற்றோலிலிருந்து எடுத்துவிடுவார். பஸ் ஒன்று நின்றால் அதன் முன்பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை ஓடிவரும் என்று எதிர்பார்ப்பார். அந்த அறிவு ஓடி ஓடித்தான் வரும். அது வருவதற்கு முன்னாலேயே 250 குதிரைவலுவைக் கையில் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சின் சாரம்.

இன்னொன்று, இது கராஜ்காரனுக்கு மட்டுமே நன்றாகத் தெரிந்தது. சின்னக் கார் 90ஐத் தாண்டும்போது உங்களிடம் பேசும். என்ஜின் கத்தும், கண்ணாடியில் காற்று அலறும், ஸ்டியரிங் கையில் நடுங்கும். போதும் என்று அது சொல்கிறது. நல்ல ஸ்போர்ட்ஸ் கார் அப்படிச் சொல்லாது. தாழ்ந்து, வீதியோடு ஒட்டி, 100இலும் அமைதியாகப் போகும். நகர்ப்புறத்தில் 50, வெளியே 70 என்ற சட்ட வரம்பைத் தாண்டிவிட்டோம் என்பதே தெரியாது. ஆர்எக்ஸ்-8இன் ஆறு கியர் ரகம் நின்ற இடத்திலிருந்து 100ஐத் தொட ஏழு விநாடிக்குக் கிட்டத்தான் எடுக்கும். என்ஜின் 9,000 சுற்றுவரை இனிமையாகப் பாடும். பழகாத சாரதிக்கு அந்த இனிமைதான் பொறி. நீங்கள் வேகமாக ஓட்ட முடிவு செய்யமாட்டீர்கள்; ஏற்கனவே வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆர்எக்ஸ்-8 பின்சில்லால் இழுக்கும் கார். அந்தப் பின்சில்லு இழுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்கள் முன்சில்லால் இழுப்பவை. வளைவில் வேகம் கூடிவிட்டால் முன்பக்கம் வெளியே தள்ளும். பயந்து காலை எடுத்தால் பெரும்பாலும் வழிக்குத் திரும்பிவிடும். பயப்படும் மனிதன் இயல்பாகச் செய்வதே அங்கே மருந்து. பின்சில்லு இழுக்கும் காரில் ஈர வீதியில் கூடுதலாக மிதித்தால் பின்பக்கம் வழுக்கி முன்னால் வரப் பார்க்கும். அப்போது பயந்து காலைச் சட்டென்று எடுப்பதும் பிரேக்கை மிதிப்பதும் நிலைமையை இன்னும் கெடுத்துவிடலாம். ஸ்டியரிங்கை வழுக்கும் பக்கமாகத் திருப்பி, அளவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதைப் பந்தயத் திடலில் நூறு தடவை பழகியவர் செய்வார். நிலாவெளி வீதியில் கடற்கரை மணல் காற்றோடு வந்து தார்மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும் நாளில், நான்கு மாதச் சாரதி செய்யமாட்டார்.

நமது ஊர் என்றேன். இந்தக் கேள்வியைக் கொழும்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் என் பதில் சற்று வேறாக இருந்திருக்கும். அங்கே அதிவேகப் பாதைக்கு ஏறலாம். நடுவில் தடுப்பு, இருபுறமும் வேலி, எதிரே வாகனம் இல்லை, 100 வரை சட்டமே அனுமதிக்கிறது. கிழக்கு மாகாணத்தில் அப்படி ஒரு வீதியும் இல்லை. நமக்கு இருப்பது ஏ6, ஏ12, ஏ15, பிறகு புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதி. எல்லாமே எதிரும் புதிருமாக வாகனம் ஓடும் இருவழி வீதிகள். பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்கள் இரவில் நகர வீதிக்கே வந்து நிற்கின்றன. உல்லாசப் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். நமக்கோ அவை ஹெட்லைட் வெளிச்சத்தில் உறைந்துபோய் நகராமல் நிற்கும் உயிர்கள். தம்பலகாமம் பக்கம் எருமை மந்தைகள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் மாலை மங்கியதும் யானை.

தாழ்ந்த காருக்கும் உயர்ந்த விலங்குக்கும் உள்ள பகையை விளக்க வேண்டும், ஏனென்றால் இதை விற்பவர் எவரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். சாதாரண உயரமுள்ள கார் ஒரு மாட்டில் மோதினால் பம்பரும் பொனற்றும் அடியின் ஒரு பகுதியைத் தாங்கும். மிகத் தாழ்ந்த காரின் மூக்கு மாட்டின் கால்களைத்தான் அடிக்கும். கால் மடிந்து, நானூறு ஐந்நூறு கிலோ உடல் பொனற்றின் மேலால் சரிந்து நேராக முன்கண்ணாடிக்கும் கூரைக்கும் வரும். காற்றுப்பையும் சீற்பெல்ற்றும் முக்கியமாக முன்னால் இருந்து வரும் மோதலுக்குச் செய்தவை. மேலேயிருந்து விழும் பாரத்துக்கு அல்ல. சுவீடனில் மூஸ் என்னும் பெரிய மான்களோடும் சவூதியில் ஒட்டகங்களோடும் இதே கதைதான் நடக்கிறது. யானையின் விடயத்தில் எந்தக் காரும் போதாது. அங்கே வேகம் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. தாழ்த்திய ஹெட்லைட்டில் ஐம்பது மீற்றர் தெரிந்தால் பெரிய விடயம். 70இல் நிற்க 56 மீற்றர் என்று மேலே எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவில் அந்தக் காட்டுப் பகுதியில் சட்டம் அனுமதிக்கும் 70கூட, எதிரே வாகனம் வந்து வெளிச்சத்தைத் தாழ்த்திய நேரத்தில், கூடுதல்தான்.

பணக் கணக்கை நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் மாமா தருவது வாங்கும் பணம் மட்டும். வைத்திருக்கும் செலவு அப்பாவின் தலையில்தான் விழும். ஆர்எக்ஸ்-8 மலிவாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அதில் இருப்பது பிஸ்டன் என்ஜின் அல்ல. முக்கோண வடிவச் சுழலி ஒன்று அறைக்குள் சுற்றும் ரோட்டரி என்ஜின். அந்தச் சுழலியின் மூன்று முனைகளிலும் இருக்கும் அடைப்புகள் தேய்ந்தால் அழுத்தம் போய்விடும். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுக்கும். என்ஜின் ஒயில் எரிவது அதில் பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் அளவைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்ட முந்திய உரிமையாளரின் பாவம் உங்கள் கணக்கில் ஏறும். உற்பத்தி 2012இல் நின்றுவிட்டது. அந்த என்ஜினைத் திறந்து கட்டத் தெரிந்தவர் திருகோணமலையில் இல்லை, என்னாலும் முடியாது. லொறியில் ஏற்றிக் கொழும்புப் பக்கம் 260 கிலோமீற்றர் அனுப்ப வேண்டும்.

நகர ஓட்டத்தில் அது லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் தந்தால் நல்லது. 2022இன் பெற்றோல் தட்டுப்பாடு உங்களுக்கு நினைவிருக்கும். சிறு பிள்ளையாக அப்பாவோடு வரிசையில் நின்றிருப்பீர்கள். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் பெற்றோலுக்கு இரவு பகலாகக் காத்திருந்தோம். சாதாரணப் பெற்றோலே ஒரு லீற்றர் 470 ரூபாய் வரை போனது. கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் ஆர்எக்ஸ்-8 ஒன்று இங்கிருந்து ஹபரணைக்குப் போய்த் திரும்பியிருக்காது. இன்னொரு முறை அப்படி ஒரு காலம் வரக்கூடாது என்பதுதான் எல்லோருடைய பிரார்த்தனையும். ஆனாலும் கார் வாங்கும்போது அதை நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

சிஆர்-இசட் வேறு கதை. அது தோற்றத்தில்தான் ஸ்போர்ட்ஸ் கார், 1.5 லீற்றர் ஹைபிரிட் என்ஜின், முன்சில்லு இழுவை, அளவான வலு. நீங்கள் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், இதைத்தான் காட்டுவேன். ஆனால் 2010ஆம் ஆண்டுக் காலத்து வாகனம். ஹைபிரிட் மின்கலம் எந்த நாளும் கைவிடலாம். பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருப்பதால் பின்பார்வை குறைவு. பின் இருக்கையில் அம்மாவை ஏற்றிக் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது.

இனி அப்பாவின் பக்கம். அவர் சொல்வதன் உள்ளே இருக்கும் பயம் சரியானது. சொல்லும் கார் சரியல்ல. ஆல்ட்டோவை நான் இகழமாட்டேன். ஆயிரக்கணக்கான குடும்பங்களை மழையிலிருந்தும் மோட்டார் சைக்கிளிலிருந்தும் காப்பாற்றிய வாகனம் அது. நம் நாட்டு வீதிகளில் அதிகம் இறப்பவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அந்தக் கணக்கில் எந்தக் காரும் மேல். ஆனால் காற்றுப்பை இல்லாத ஆல்ட்டோ 800ஐ குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் மோதிப் பார்த்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. விபத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள முதல் இரண்டு ஆண்டுகளை, விபத்தில் மிகக் குறைவாகப் பாதுகாக்கும் காரில் கழிப்பது எப்படிச் சரியாகும்? அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் இளையவர்களுக்கான கார்களைப் பரிந்துரைக்கும்போது இரு முனைகளையும் விலக்குகிறது: குதிரைவலு கூடிய கார்களும் வேண்டாம், மிகச் சிறிய கார்களும் வேண்டாம். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு ஏற்பாடு கட்டாயம் வேண்டும் என்கிறது.

அந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கார் வழுக்கத் தொடங்கியதும் அது தானாகவே ஏதாவது ஒரு சில்லுக்கு மட்டும் பிரேக் கொடுத்து, என்ஜின் வலுவைக் குறைத்து, காரை வழிக்குக் கொண்டுவரும். மனிதக் காலால் ஒரு சில்லுக்குத் தனியாக பிரேக் பிடிக்க முடியாது. நான் சொன்ன அந்தப் பிள்ளையின் காரில் அது இல்லை. இருந்திருந்தால் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன். ஜப்பானில் 2012 தொடக்கம் கட்டம் கட்டமாக அதைக் கட்டாயமாக்கினார்கள். ஆகவே 2015க்குப் பின்னர் ஜப்பானியச் சந்தைக்குச் செய்த டொயோட்டா விட்ஸ், டொயோட்டா அக்ஸியோ, சுசுகி சுவிஃப்ட் போன்ற கார்களில் எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்தால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் மானிப் பலகையில் சிறிய காரும் அதன் கீழே இரண்டு வளைந்த கோடுகளும் கொண்ட மஞ்சள் விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த ஏற்பாடு இல்லை, அல்லது யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

என்னுடைய பிள்ளைக்கென்றால் அக்ஸியோ. விட்ஸ் இரண்டாவது. அழகாக இல்லை என்று முகம் சுளிப்பீர்கள். நண்பர்கள் உப்புவெளிக் கடற்கரையில் வந்து சூழ்ந்து நின்று படம் எடுக்கமாட்டார்கள். அதுவும் ஒரு பாதுகாப்புதான், தம்பி. பின்னால் நான்கு பேர் "மிதி, மிதி" என்று சொல்லாத கார் அது. உதிரிப்பாகம் நம்மூர் அநுராதபுரச் சந்தியிலேயே கிடைக்கும். முழுக் காப்புறுதி எடுக்கப் போனால் நிறுவனம் தயங்காது. இரண்டு ஆண்டு கழித்து விற்றால் போட்ட பணத்தின் பெரும் பகுதி திரும்பிவிடும். 2020இல் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகும் நல்ல ஜப்பானியக் காருக்கு இங்கே ஆள் இருக்கிறது.

அந்த இரண்டு ஆண்டில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எந்தக் கார் என்பதைவிட முக்கியம். முதல் மார்கழி மழையில் அப்பாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஓட்டுங்கள். அவர் திட்டுவார், திட்டட்டும். இரவில் கந்தளாய் தாண்டிப் போவதை முதல் ஆறு மாதம் வைத்துக்கொள்ள வேண்டாம். கொழும்புக்குப் போக வேண்டியிருந்தால் விடியற்காலை வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். அதே ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு நண்பர் மட்டும், அவரும் சீற்பெல்ற்றோடு. பஸ்ஸை முந்துவதற்கு முன் ஒரு முறை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்: முந்தி முடிக்க எத்தனை விநாடி, எதிரே தெரிகிற தூரம் எத்தனை. வலுக் குறைந்த காரில் அந்தக் கணக்கு கட்டாயம் போட வேண்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பழகிய மூளை பிற்பாடு எந்தக் காரிலும் உங்களைக் காப்பாற்றும். வலுக்கூடிய காரில் தொடங்கியவருக்குக் கணக்கே தேவைப்படுவதில்லை, தேவைப்படும் அந்த ஒரு நாள் வரை.

உங்கள் ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை. கார் மேல் ஆசை இல்லாதவன் என் தொழிலுக்கு வரமாட்டான். வேகம் ஓட்டுவதற்கென்றே இந்த நாட்டில் இடங்கள் இருக்கின்றன: நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த ஓடுதளத்திலும் பந்தயம் நடந்திருக்கிறது. போய்ப் பாருங்கள். தலைக்கவசம், கூரைக்குள் இரும்புக்கூடு, தீயணைப்பாளர், அம்புலன்ஸ் எல்லாம் தயாராக இருக்க, எதிரே மாடும் பஸ்ஸும் இல்லாத பாதையில் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். 21, 22 வயதில், இரண்டு மழைக்காலம் கடந்த பிறகும் இந்த ஆசை அப்படியே இருந்தால், நல்ல ஸ்போர்ட்ஸ் கார் தேடும் வேலையை நானே உங்களோடு சேர்ந்து செய்வேன். அப்போதும் ரோட்டரி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மாமாவுக்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். தருகிற பணத்தில் ஒரு பகுதி காருக்கு, ஒரு பகுதி நான்கு புதிய டயருக்கும் முதல் ஆண்டு முழுக் காப்புறுதிக்கும் என்று. ரொறன்ரோவில் தன் பிள்ளைகளின் காப்புறுதிக் கட்டணத்தைக் கட்டிப் பார்த்தவருக்கு இது சொன்னவுடன் விளங்கும்.

கார் ஒன்றைக் கண்டுபிடித்ததும், முற்பணம் கொடுப்பதற்கு முன், கராஜுக்குக் கொண்டுவாருங்கள். அப்பாவையும் கூட்டி வாருங்கள். அவரும் பார்க்கட்டும், அவருக்கும் கேள்வி இருக்கும். ஜப்பானிய ஏலத் தாள், அதாவது அங்கே ஏலம் விட்டபோது காரின் நிலையையும் ஓடிய தூரத்தையும் எழுதிய தாள், இருந்தால் எடுத்து வாருங்கள். மீற்றர் திருப்பிய வாகனத்தை அதில் கண்டுபிடிக்கலாம். டயரின் பக்கத்தில் சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது என்று பொருள். நான்கு டயரிலும் அதை நீங்களே படித்து எழுதிக்கொண்டு வாருங்கள். உதிரிச் சில்லையும் விட வேண்டாம். காலை எட்டு மணிக்கு முன் வந்தால் நல்லது; என்ஜின் இரவு முழுதும் ஆறியிருக்க வேண்டும். வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வீடு கிட்ட இருந்தால் நானே நடந்து வந்து பார்க்கிறேன்.